மானிப்பாயில் ஒரு வணக்கம்

யாழ்ப்பாண நகருக்கு வடமேற்கே சில கல் தொலைவில் உள்ளது மானிப்பாய். மருதடிப் பிள்ளையாரைத் தரிசிக்க அவ்வூர் செல்வோர் பலர். நோய் இன்றிக் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையை நாடுவோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவனாக அண்மையில் நான் சென்றேன். காண்போரை மலைக்கவைக்கும் மாளிகையன்று அது. ஆயினும், மேலைநாட்டு மருத்துவம் தமிழ் பேசப் பழகிய மண் இதுவன்றோ என எண்ணியபோது என் தலை தானே தாழ்ந்தது.

அமெரிக்காவில் வூஸ்டர் என்னும் ஊரில் 1822 இல் பிறந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847 இல் மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ 25. மறு ஆண்டே மானிப்பாயில் மாணவர்க்கு மருத்துவம் கற்பிக்கலானார். தொடக்கத்தில் போதனை ஆங்கிலத்தில் நிகழ்ந்தது. ஆங்கிலத்தில் தேறியவர்களோ உத்தியோகம் நாடி வெளியூர் செல்லலாயினர். வைத்தியன் தன் கிராமத்திலேயே தங்கவேண்டுமாயின் அவன் தமிழிலேயே கற்றல் வேண்டும் எனக் கிறீன் துணிந்தார். 1860களில் தமிழ் வகுப்பு மலர்ந்தது.

வகுப்புக்கு நூல் வேண்டுமே! கட்டர் எழுதிய உடற்கூற்று நூலை 1852 இலேயே அவர் தமிழாக்கியிருந்தார். பின்னர்ப் பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் முதலியன, மாணவர் துணையுடன் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. கலைச்சொல்லாக்கத்திலும் அவருக்கு ஒரு முறைமை இருந்தது. தமிழில் சொல் உண்டாயின் அதனைக் கொள்வார். இன்றேல் வடசொல்லை நாடுவார். அதுவும் இன்றேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழோசைக்கு இசையத் திரிப்பார். இரசாயன நூலுக்கு அவர் இட்ட பெயர் ‘கெமிஸ்தம்’.

சமயம் பரப்புதலும் அவர் நோக்கமே. அதனை மறைக்க வேண்டா. ஆனால் 1873 இல் தாயகம் மீண்ட பின்னரும், 1884 இல் இறக்கும்வரை, தமிழ் மருத்துவ நூற்பணியை அவர் கைவிட்டாரில்லை. தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்றே அவர் கல்லறை அவரை அறிமுகஞ் செய்கின்றது.

1978 இல் தோன்றிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கின்றது. உலக அறிவோடு உறவாட ஆங்கிலம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், தமிழில் விஞ்ஞானம் இயலுமா என மேடைதோறும் வினவுகின்றோமே, அவ்வினாவுக்குரிய விடையை, தமிழைப் பிறமொழியாகக் கற்ற ஒருவர் மானிப்பாயிலிருந்து எழுதிவைத்து ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அதனைத் தேடி எடுத்து ஓதுவதே தாய்மொழியாளராகிய நம் கடன்.