அழைப்பது கருவி; வருவது நாம்

ஹெப்பகோடியில் மாலை வேளையில் கிரிக்கெட் ஆட நண்பர்களை அழைப்பது எளிது. வீட்டு வாயிலில் நின்று குரல் கொடுத்தால் போதும். இணைய விளையாட்டிலோ தோழர்கள் பல நாடுகளில் இருப்பர். 2004ஆம் ஆண்டு வெளிவந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டின் தொடக்கக் காலத்தில், பெரும்பகையை வெல்ல 40 பேர் வரை ஒரே நேரத்தில் கூடிப் போரிட்டனர். இக்கூட்டுத் தாக்குதல் 'ரெய்டு' எனவும், விளையாடும் குழு 'கில்டு' எனவும் வழங்கப்பெறும்.

இத்தகைய குழுவினரை ஒருங்கிணைக்கச் 'சாட்பாட்' என்னும் உரையாடு மென்பொருள் உதவுகிறது. 2015இல் தொடங்கப்பெற்ற டிஸ்கார்டு செயலியில் இதனைப் பலர் பயன்படுத்துகின்றனர். 13 வயது நிரம்பியோர்க்கே அச்செயலி உரியது. குழுத்தலைவர் நாளும் நேரமும் குறித்ததும் மென்பொருள் அறிவிப்பு வெளியிடும். காவலர், மருத்துவர், தாக்குநர் ஆகிய பணிகளுள் ஒன்றைத் தெரிவு செய்து உறுப்பினர் பெயர் பதிவர். எப்பணிக்கு ஆள் குறைவு என்பதை அது எண்ணிக் காட்டும். ஹெப்பகோடியில் இரவு 8 மணி எனில் சிங்கப்பூரில் 10.30 மணி, அவரவர் நாட்டு நேரத்தைக் காட்டி, உரிய வேளையில் நினைவூட்டும்.

எனினும், வருவதாகப் பதிந்தவர் வாராதொழிந்தால் மென்பொருள் யாது செய்யும்? மருத்துவர் ஒருவர் இல்லையேல் ஏனையோர் உழைப்பும் வீணாகலாம். ஆதலின், படிப்பும் உறக்கமும் கெடாத நேரத்திற்கே ஒப்புக்கொள்க. வர இயலாதெனில் முன்னரே தெரிவித்திடுக. நினைவூட்டுவது கருவியின் வேலை. சொன்ன சொல்லைக் காப்பது நம் கடமை.