லாரியின் மூச்சு

இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவன் லாரிப் பட்டறைச் சங்கதியை ஆண்டு மலரில் எழுத வந்துவிட்டானே என்று நண்பர்கள் நகைக்கலாம். என் தந்தையார் லாரி ஓட்டுநர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வெப்ப இயக்கவியல் வகுப்பில் பேராசிரியர் கரும்பலகையில் வரையும் பிஸ்டன், நாமக்கல் பட்டறையில் கிரீஸ் கையோடு நான் தொட்ட பிஸ்டனாகவே எனக்குத் தெரிகிறது. ஆகவே தெரிந்ததை எழுதுகிறேன்.

காரில் பிரேக்கை மிதித்தால் எண்ணெய் அழுத்தம் சக்கரத்தைப் பிடிக்கும். லாரி, பஸ் போன்ற கனத்த வண்டிகளில் அந்த வேலையைச் செய்வது காற்று. 1869இல் வெஸ்டிங்ஹவுஸ் ரயிலுக்காகக் காப்புரிமை பெற்ற காற்றுப் பிரேக் பின்னர் சாலைக்கும் வந்தது. என்ஜினோடு சேர்ந்து சுழலும் கம்ப்ரசர் வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, டேங்கில் சேர்க்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 7, 8 கிலோ அளவு அழுத்தம் ஏறியதும் அன்லோடர் வால்வு கம்ப்ரசரின் சுமையை இறக்கிவிடும். மிதிக்கும் ஒவ்வொரு முறையும் டேங்கிலிருந்து கொஞ்சம் காற்று செலவாகும். அதை ஈடு செய்ய வேண்டியது கம்ப்ரசர்தான்.

இதில் நம் பாடம் எங்கே வருகிறது? எட்டு லிட்டர் காற்றை ஒரு லிட்டராக அமுக்கினால் அழுத்தம் எட்டு மடங்கு என்பது பாயில் விதி. ஆனால் அது வெப்பநிலை மாறாதபோது மட்டும். கம்ப்ரசரில் அமுக்குவது நொடிக்குள் நடக்கிறது. வெப்பம் வெளியேற நேரமில்லை. வெப்பம் சிறிதும் வெளியேறாது என்று கொண்டு கணக்குப் போட்டால், 30 டிகிரியில் உள்ளே போன காற்று எட்டு மடங்கு அழுத்தத்தை அடையும்போது ஏறத்தாழ 275 டிகிரிக்குப் போக வேண்டும்! குளிர்விப்பதால் அவ்வளவு ஏறுவதில்லை. ஆயினும் வெளியேறும் குழாயைக் கையால் தொட முடியாது.

ஈரக் கணக்கு இன்னும் சுவையானது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். பாதி ஈரமுள்ள காற்று எட்டு கன மீட்டர் என்றால் 120 கிராம் நீர். அதை ஒரு கன மீட்டராக்கி ஆறவிட்டால் 30 கிராம் போக மீதி 90 கிராம் தண்ணீராக விழுந்தே தீரும். டேங்கின் அடியில் வடிகால் வால்வு வைத்திருப்பது இதற்காகத்தான். ஏர் டிரையர் பூட்டிய புதிய வண்டிகளில் தண்ணீர் குறைவு. இருந்தாலும் திறந்து பார்ப்பதில் நட்டமில்லை.

2022இல் தாவணகெரேயிலிருந்து கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு தந்தையார் திரும்பினார். காற்று மெதுவாகவே ஏறுகிறது என்று அதற்கு முன்பே வண்டி முதலாளியிடம் சொல்லியிருந்தார். "ஏறுதில்ல, அப்புறமென்ன?" என்பதே பதில். தொப்பூர் கணவாயில், டீசல் மிச்சமாகுமே என்று வழக்கம்போல் நியூட்ரலில் இறங்கினார். இங்குதான் கவனிக்க வேண்டும். கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்குக்கு வேலை குறைவு. நியூட்ரலில் எல்லாப் பாரமும் பிரேக்கின் மேல். அதே நேரம் என்ஜின் ஐடிலிங்கில் ஓடுவதால் கம்ப்ரசரின் சுழற்சியும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடும். செலவு உச்சத்தில், வரவு அடிமட்டத்தில்! மீட்டர் முள் இறங்கி எச்சரிக்கை பஸர் அலறியபோது, அந்த வேகத்தில் கியரும் விழவில்லை. மலையோர மண்மேட்டில் உரசி நிறுத்தினார். கிளீனர் அண்ணனுக்குக் கை முறிந்தது. காற்று குறைந்தால் பின் சக்கரத்தை ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளுமே என்பீர்கள். டிரம்மும் லைனிங்கும் ஏற்கெனவே காய்ந்து கிடந்தால் அது எவ்வளவு பிடிக்கும்?

பட்டறையில் கம்ப்ரசரின் வெளிக்குழாயைக் கழற்றியபோது உடனிருந்தேன். உள்ளே கரி கட்டி, பென்சில்கூட நுழையவில்லை. ரிங் தேய்ந்ததால் வந்தது என்றேன். மிஸ்திரி சிரித்தார். "ரிங்கை மாத்தினா மட்டும் போதுமா தம்பி? மொதல்ல ஏர் ஃபில்டரைப் பாரு." ஃபில்டர் அடைத்திருந்தால் சிலிண்டருக்குள் வெற்றிடம் அதிகமாகி, ரிங்கைத் தாண்டி ஆயிலை மேலே உறிஞ்சும். அந்த ஆயில் சூட்டில் கரியாகிக் குழாயை அடைக்கும். குழாய் குறுகக் குறுக கம்ப்ரசர் இன்னும் சூடாகும், இன்னும் கரி கட்டும். ஃபில்டரை விட்டுவிட்டுப் புது ரிங் போட்டால் சில மாதங்களில் அதே கதைதான். எந்தப் புத்தகத்தையும்விட அந்த ஐந்து நிமிடம் எனக்கு அதிகம் கற்பித்தது.

அவர் காட்டிய சோதனைகள் எளியவை. ஓட்டம் முடிந்ததும் டேங்கைத் திறந்து, வருவதை விரலில் தேய்த்துப் பார்க்க வேண்டும். வெறும் தண்ணீரானால் கவலையில்லை. கருப்பாகப் பிசுபிசுத்தால் கம்ப்ரசர் ஆயில் தள்ளுகிறது. என்ஜினை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி ஒரு நிமிடம் மீட்டரைப் பார்த்தால் கசிவு தெரியும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் இடம் தெரியும். பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசரானால் பெல்ட் தொய்வையும் பார்க்க வேண்டும். எதைக் கழற்றும் முன்பும் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, டேங்குக் காற்று முழுவதையும் இறக்கிவிட வேண்டும். இதில் மட்டும் அவர் யாரையும் மன்னிப்பதில்லை.

நியூட்ரல் விஷயத்தைத் தந்தையார் எளிதில் நம்பவில்லை. கியரில் செங்குத்தாக இறங்கும்போது சக்கரமே என்ஜினைச் சுழற்றுவதால் பம்ப் டீசலை நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் செலவு என்றேன். டீசல் பம்ப் பட்டறையில் போய்க் கேட்டு வந்தார். "நீ சொன்னது நெசந்தான் கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

இப்போது வேறு வண்டி ஓட்டுகிறார். வாரம் ஒரு முறை, வெறும் டேங்கில் காற்று முழுவதும் ஏற எவ்வளவு நேரமாகிறது என்று போனில் சொல்வார். என்ஜின் வேகம் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. செய்முறை ஏட்டின் பின்பக்கத்தில் குறித்து வருகிறேன். சென்ற மாதம் மூன்றரை நிமிடம். இந்த வாரம் நான்கேகால். ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.