காந்த விசைக்கு ஒரு தராசு

மின்னோட்டம் பாயும் கம்பி ஒன்றைக் காந்தப்புலத்தினுள் வைத்தால் அதன்மீது ஒரு விசை தாக்குகின்றது. வீட்டில் மின்விசிறி சுழல்வதும் ரொறன்ரோவில் சுரங்க ரயில் ஓடுவதும் இவ்விசையினாலேயே. அதன் திசையை அறிவதற்குப் பெற்றோராகிய நாம் பிளெமிங்கின் இடக்கை விதியைக் கற்றோம். ஒன்றுக்கொன்று செங்குத்தாக விரித்த விரல்களில், சுட்டுவிரல் காந்தப்புலத்தையும் நடுவிரல் மின்னோட்டத்தையும் பெருவிரல் விசையையும் காட்டும். இங்குள்ள வகுப்புகளிலோ நம் பிள்ளைகள் வலக்கையை விரிக்கின்றனர். பெருவிரல் மின்னோட்டம், ஏனைய விரல்கள் காந்தப்புலம், உள்ளங்கை தள்ளும் பக்கம் விசை. கைகள் வேறாயினும் விடை ஒன்றே.

திசையை அறிந்தபின் அளவை அறிதல் வேண்டும். கம்பி புலத்துக்குச் செங்குத்தாக இருக்கையில், காந்தப்பாய அடர்த்தி, மின்னோட்டம், கம்பியின் நீளம் ஆகிய மூன்றையும் பெருக்க விசை கிடைக்கும். இச்சூத்திரத்தை நாம் மனனம் செய்தோம், செய்து பார்க்கவில்லை. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிருந்தது. மின்னோட்டம் நமக்குக் கரும்பலகையில் வரைந்த அம்புக்குறியாகவே இருந்தது.

மாணவச் செல்வங்களே, நீங்கள் அதனைத் தராசில் காணலாம். வலிய காந்தங்கள் பொருத்திய இரும்புச் சட்டத்தை இலத்திரனியல் தராசில் வைத்து, வாசிப்பைப் பூச்சியமாக்குங்கள். காந்தங்களின் நடுவே தடித்த செப்புக் கம்பியொன்றை, எதனையும் தொடாதவாறு, தாங்கியிற் கிடையாகப் பிணையுங்கள். ஆசிரியரின் மேற்பார்வையில் மின்னோட்டத்தைச் செலுத்தினால் கம்பி அசையாது; தராசின் எண் மாறும். காந்தம் கம்பியை மேலே தள்ளினால், நியூற்றனின் மூன்றாம் விதிப்படி கம்பி காந்தத்தைக் கீழே தள்ளுகின்றது. மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் எண் பூச்சியத்துக்குக் கீழே செல்லும். கம்பி சூடேறும், ஆதலால் வாசிப்பை எடுத்தவுடன் ஆளியைத் திறந்துவிடுங்கள்.

புலத்தினுள் இருக்கும் கம்பியின் நீளம் 5 சதமமீற்றர், மின்னோட்டம் 4 அம்பியர், வாசிப்பு 2.04 கிராம் எனக் கொள்வோம். கிராமைக் கிலோகிராமாக்கி 9.81 ஆற் பெருக்கினால் விசை 0.02 நியூற்றன். அதனை 4 ஆலும் 0.05 ஆலும் வகுத்தால் காந்தப்பாய அடர்த்தி 0.1 தெஸ்லா. 1, 2, 3, 4 அம்பியருக்கு வாசிப்புகளை எடுத்து வரைபு வரைந்தால் நேர்கோடு ஒன்று கிடைக்கும்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. காந்தத்தின் விளிம்போடு புலம் முடிந்துவிடுவதில்லை; ஆதலால் புலத்தினுள் இருக்கும் நீளத்தைத் திட்டமாகக் கூறுதல் கடினம். இதற்கு 1975இல் இங்கிலாந்தின் பிரயன் கிபிள் வழி கண்டார். முதலில் கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைச் செலுத்தி, அதன்மீதான விசையாற் படிக்கல் ஒன்றின் நிறையைச் சமப்படுத்தினார். பின்னர் அதே சுருளை அதே புலத்தில் அறிந்த வேகத்துடன் அசைத்து, அதிற் பிறக்கும் மின்னழுத்தத்தை அளந்தார். மின்னழுத்தத்தை வேகத்தால் வகுத்தால், காந்தப்பாய அடர்த்தியையும் நீளத்தையும் பெருக்கிய தொகை நேரடியாகவே கிடைத்துவிடும். இரண்டையும் தனித்தனியே அறிய வேண்டியதில்லை.

அவ்வகைத் தராசு ஒன்று 2009இல் இங்கிலாந்திலிருந்து ஒட்டாவாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தேசிய ஆராய்ச்சி மன்றத்தினர் அதனைத் திருத்தியமைத்து, 2017இல் பிளாங்கின் மாறிலியை நூறு கோடியில் ஏறத்தாழ ஒன்பது பங்கு ஐயப்பாட்டுடன் அளந்து வெளியிட்டனர். இத்தகைய அளவீடுகளின் துணையுடன், 2019 மே 20 முதல் கிலோகிராம் புதிய வரைவிலக்கணம் பெற்றது. 1889 முதல் பாரிசுக்கு அருகில் காக்கப்பட்டுவந்த உலோக உருளை அன்று அப்பதவியை இழந்தது.

இப்பரிசோதனையைச் செய்யும் மாணவர், கம்பி தொடாதிருக்கவும் தராசின் எண் ஏன் மாறியது என்பதை வீட்டிலே தமிழில் விளக்குதல் வேண்டும். பெற்றோர் பலர் இவ்விதியைத் தமிழிலேயே கற்றவர்கள்; ஆனால் அந்த எண் மாறுவதைக் கண்டவர்கள் மிகச் சிலரே.