விரல் மூடாக் கையுறை

திக்லிபூரில் குளிர் இல்லை. அந்தமான் தீவுகளிலேயே உயரமான சாடில் சிகரம் அவ்வூருக்கு அருகில்தான் நிற்கிறது. 732 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்திலும் பனி உறைவதில்லை. அத்தகைய ஊரில் கம்பளிக் கையுறை பின்னுவது எதற்கு என்று சிலர் வினவலாம். நம் குடும்பங்கள் ஓரூரில் இல்லை என்பதே அதற்கு விடை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அவர்தம் மக்களுள் படிப்பையும் பணியையும் நாடிக் கடல் கடந்து வடநாடு செல்வோர் உளர். தை மாதத்தில் தில்லியின் இரவு வெப்பநிலை 5 பாகைக்குக் கீழே இறங்குவதுண்டு.

இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுதிப் பிழைக்கும் நாம் இக்குளிரை நன்கு அறிவோம். பயணச்சீட்டுக் கொடுப்பவர் காசை எண்ண வேண்டும். கணக்கர் பேனா பிடிக்க வேண்டும். இன்று கணிப்பொறியின் விசைகளையும் தட்ட வேண்டும். விரல்களை மூடும் கையுறை இவ்வேலைகளுக்கு உதவாது. உள்ளங்கையையும் மணிக்கட்டையும் மூடி, விரல்களைத் திறந்து விடும் உறையே ஏற்றது. மணிக்கட்டில் இரத்தக் குழாய்கள் தோலுக்கு அண்மையில் ஓடுகின்றன. ஆகவே அவ்விடத்தைக் காத்தால் விரல்களுக்குச் செல்லும் குருதியும் எளிதில் குளிர்வதில்லை. முதல் உலகப் போரில் (1914–18) வீட்டுப் பெண்கள் போர்வீரர்களுக்கென மணிக்கட்டு உறைகளைப் பின்னி அனுப்பியதும் இப்பயன் கருதியே.

செய்முறை எளிது. நடுத்தரத் தடிமனுள்ள கம்பளி நூல் 100 கிராம், 5 மில்லிமீட்டர் குரோஷா ஊசி ஒன்று, முனை மழுங்கிய தையல் ஊசி ஒன்று, இவை போதும். முதலில் சுருக்கு முடி இட்டு 26 சங்கிலிக் கண்ணிகள் போடுக. ஊசியிலிருந்து இரண்டாம் கண்ணியில் ஊசியை நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் இரு வளையங்கள் நிற்கும். மீண்டும் நூலைக் கொளுவி அவ்விரண்டின் வழியாகவும் இழுத்திடுக. இதுவே ஒரு பின்னல். இவ்வாறு வரிசைக்கு 25 பின்னல் வரும். வரிசை முடிந்ததும் ஒரு சங்கிலி போட்டுத் திருப்புக. அடுத்த வரிசை முதல், பின்னலின் தலையில் தெரியும் இரண்டு இழைகளுள் நமக்கு அப்பால் உள்ள இழையில் மட்டும் ஊசியை நுழைக்க வேண்டும். அப்பொழுது துணி வரிவரியாக அமைந்து இழுத்தால் நீளும். கையைக் கவ்வியும் நிற்கும்.

ஏறக்குறைய 26 வரிசைகளில் 18 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று கிடைக்கும். முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் சேர்த்து மடித்து, மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து 9 சென்டிமீட்டர் தைத்து, கட்டை விரலுக்கு 5 சென்டிமீட்டர் விட்டு, எஞ்சிய 4 சென்டிமீட்டரையும் தைத்தால் உறை முடிந்தது. இடக்கை, வலக்கை என்ற வேறுபாடு இதில் இல்லை. அணிவோர் தொலைவில் இருப்பின், கட்டை விரல் நீங்கலாக உள்ளங்கையின் சுற்றளவைக் கேட்டறிந்து வரிசைகளைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஈரக் காற்றில் கம்பளி பூசணம் பிடிக்கும். எனவே பின்னி முடித்ததை நிழலில் நன்றாக உலர்த்தி, உலர்ந்த வேப்பிலையோடு கட்டி வைத்து, தாமதமின்றி அஞ்சலில் அனுப்புதல் நன்று. கையில் வியர்வை மிகுந்தால் நூல் ஒட்டும்; காலையிலோ மழை பெய்யும் பொழுதிலோ பின்னுவது எளிது.

மகனுக்கோ மருமகளுக்கோ பின்னுவதற்குக் கூலி இல்லை. விற்பனைக்குப் பின்னுவோர் மட்டும் ஒன்றைக் கருத வேண்டும். 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் அங்குள்ள பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அது குரோஷா அன்று. நூல் சுற்றிய சிறு கட்டைகளைக் கொண்டு பின்னுவது. ஆயினும் அதன் வருவாயைக் கொண்டு அடிமைப் பெண்கள் சிலர் தம் விடுதலையையே விலை கொடுத்துப் பெற்றனர். ஆந்திரத்தின் நரசாபுரத்திலோ கதை வேறு. அங்கு வீடுதோறும் பின்னிய குரோஷா லேஸ் அயல்நாடுகளுக்குச் சென்றது. பின்னிய பெண்களை உழைப்பாளர் என்று எண்ணாமல், ஓய்வு நேரத்தைப் போக்கும் இல்லத்தரசியர் என்று எண்ணியதால் அவர்களுக்கு மிகச் சிறு கூலியே கிடைத்தது. இதனை மரியா மீஸ் என்னும் அறிஞர் 1982-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். அந்த லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது; குறியீட்டோடு கூலியும் உயர வேண்டும்.

கணக்கெழுதும் தொழிலில் உள்ள நாம் நம் சகோதரிகளுக்குக் கூறுவது இதுவே: நூலின் விலையை எழுதும் ஏட்டில், பின்னிய மணி நேரத்தையும் எழுதுங்கள். உள்ளூர் நாட்கூலியை எட்டால் வகுத்து, அம்மணிகளால் பெருக்கி, நூல் விலையோடு கூட்டுங்கள். அதற்குக் குறைந்த விலைக்குக் கேட்பவரிடம் கொடாதீர்கள். ஆடவரும் இவ்வூசியைக் கையில் எடுக்கலாம். இருவர் பின்னும் வீட்டில் ஒரு ஜோடி விரைவில் முடியும். ஐப்பசியில் தொடங்கினால் மார்கழிக்குள் உறை வடநாட்டை அடைந்துவிடும்.