கண் திறந்த விலங்குகள்

சிராங்கூன் சாலைக் கடைகளில் பித்தளை மயிலும் நந்தியும் விலைக்குக் கிடைக்கின்றன. தைப்பூசக் காவடிகள் செல்லும் வழியே தேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலை அடைந்தால், அங்கே மயிலை முருகனின் ஊர்தியாகக் காண்கிறோம். உருவம் ஒன்றே. ஆயினும் கடை மயிலைக் கையிலெடுத்து விலை பேசும் நாம், கோயில் மயிலின் முன் கைகூப்புகிறோம். இவ்வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

பொருளின் மதிப்பினால் அன்று. கோயிலுக்குள்ளேயே வணங்கப்படாத விலங்குகளும் உள்ளன. 1827இல் தோன்றிய சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலின் மதில்மேல் படுத்திருக்கும் பசுக்களுக்கு எவரும் நாள்தோறும் திருமுழுக்காட்டுவதில்லை. கருவறையை நோக்கி அமர்ந்த ஊர்தியின் நிலை வேறு. நந்தியைக் கூர்ந்து நோக்குக. கால்கள் மடங்கியிருக்கும், செவிகள் மட்டும் விறைத்து நிற்கும். கட்டளைக்குக் காத்திருக்கும் ஓர் உயிரின் விழிப்பைச் சிற்பி அச்செவிகளிலேயே வைத்துவிடுகிறான். காளியின் சிங்கமோ காட்டுச் சிங்கத்தை ஒத்ததன்று. உருண்ட விழியும் சுருள் பிடரியும் சிற்ப மரபு வகுத்தவை. (சிங்கத்தின் பெயரைத் தாங்கிய நம் தீவின் காடுகளிலும் சிங்கம் வாழ்ந்ததில்லை.)

இந்த வினாவுக்கு அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் வாழும் சூனி பழங்குடியினரின் விடையும் நமக்கு உதவும். அவர்கள் கரடி, மலைச்சிங்கம், ஓநாய், கழுகு முதலியவற்றை உள்ளங்கையில் அடங்கும் கல்லுருவங்களாகச் செதுக்குவர். 1883இல் வெளியான பிராங்க் ஹாமில்டன் குஷிங்கின் ஆய்வு, இவற்றின் பின்னுள்ள தொன்மத்தை விளக்குகிறது. கதிரவனின் இரட்டை மைந்தர் கொடுவிலங்குகளைக் கல்லாக்கினர். எனினும் அவற்றின் இதயம் கல்லுக்குள் உயிரோடிருக்கிறது. ஆதலால், இயல்பாகவே விலங்கின் சாயல் கொண்ட கல்லை அவர்கள் பெரிதும் போற்றினர். உருவங்களை மட்கலத்தில் வைத்து மக்காச்சோள மாவை உணவாகப் படைத்தனர். இன்று கடைகளுக்கெனச் செதுக்கப்படுபவை சடங்கு செய்யப்பெறாதவரை கலைப்பொருள்களே.

நம் மரபில் அவ்வெல்லையைக் குறிப்பது கண் திறத்தல். உடலனைத்தும் முடிந்தபின் இறுதியாகப் பொன்னூசியால் விழியைத் திறக்கின்றனர். திறந்த கண்ணை உடைய உருவின்மேல் மீண்டும் உளி வைப்பது எங்ஙனம்? அதற்கும் வழியுண்டு. சிங்கப்பூர்க் கோயில்களில் ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு நிகழ்கிறது. திருப்பணிக்கு முன் இறையாற்றலைக் குடநீருக்கு மாற்றிப் பாலாலயத்தில் வைப்பர். தமிழகத்திலிருந்து வரும் சிற்பிகள் சாரத்தின்மேல் நின்று சுதை பூசி வண்ணம் தீட்டுவது அவ்விடைக்காலத்தில்தான். அப்போது கோயில் விலங்கும் கடை விலங்கும் ஒரே நிலையின என்பது நம் கருத்து. பள்ளி மாணவரைக் கோயிலுக்கு அழைத்துச் செல்ல ஆசிரியர்க்கு இதனினும் ஏற்ற காலம் இல்லை.

கல்லைப் போன்றே களிமண்ணுக்கும் இம்முறை பொருந்தும். சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளின் புரவி எடுப்பில், வேளார் வனைந்து சுட்ட குதிரைகள் கண் திறக்கப்பெற்று ஐயனார் கோயிலுக்கு ஊர்வலமாய்ச் செல்கின்றன. பின்னர் வெயிலிலும் மழையிலும் அங்கேயே நின்று சிதைகின்றன. உடைந்த கால்களை எவரும் ஒட்டுவதில்லை. அடுத்த நேர்த்திக்குப் புதுக் குதிரை வரும்.