மஞ்சக்கருவை யார் ஒதுக்க வேண்டும்?

சாயாவைக் குடியுங்கள் அண்ணே, பொறுமையாகச் சொல்கிறேன். நம் கேரள எல்லையோரப் பொழியூர் தட்டுக்கடைகளில் அடிக்கடி பார்க்கிறேன்: கொலஸ்ட்ரால் கூடியவர் மஞ்சக்கருவை இலையோரம் ஒதுக்கிவிட்டு, தேங்காயெண்ணெய் மிதக்கும் குழம்பை ஆப்பத்தில் தொட்டு வழித்துச் சாப்பிடுகிறார்.

ஒரு பெரிய முட்டையில் சுமார் 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால், அத்தனையும் மஞ்சக்கருவில்தான். ஆனால் நம் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கைக் கல்லீரலே தயாரிக்கிறது. சாப்பாட்டில் கூடுதலாக வந்தால், பெரும்பாலோருக்கு அது தன் தயாரிப்பைக் குறைத்துக்கொள்ளும். நிறைவுற்ற கொழுப்புதான் பெரிய சிக்கல். கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து அள்ளி எடுக்கும் கல்லீரலின் வேலையை அது மந்தமாக்குகிறது. முட்டையில் அந்தக் கொழுப்பு ஒன்றரை கிராம். ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் சுமார் 12 கிராம்!

வாரத்துக்கு மூன்று மஞ்சக்கருவுக்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 1968-இல் சொன்னது. தினம் 300 மில்லிகிராம் என்ற கொலஸ்ட்ரால் உச்சவரம்பை அமெரிக்க அரசின் 2015-ஆம் ஆண்டு உணவு வழிகாட்டி எடுத்துவிட்டது. இந்தியாவும் சேர்ந்த ‘ப்யூர்’ ஆய்வு, நாளுக்கு ஒரு முட்டை அளவில் மாரடைப்புக்கும் முட்டைக்கும் தொடர்பு தெரியவில்லை என்று 2020-இல் சொன்னது. சர்க்கரை நோயாளிகள், பரம்பரையாகவே எல்டிஎல் கூடியவர்கள், ஒருமுறை மாரடைப்பு வந்தவர்கள் கணக்கு வேறு. அவர்கள் மருத்துவரிடம் எண்ணிக்கை கேட்டுக்கொள்வதே நல்லது.

நோய் எதிர்ப்புச் சக்தி? முட்டை தின்றால் காய்ச்சலே வராது என்பது பொய். கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் புரதத்தால் ஆனவை. மூக்கு, தொண்டை, குடலின் உள்சவ்வைக் காக்க வைட்டமின் ஏ வேண்டும். இவை குறைவாக உள்ள உடம்புக்குத்தான் முட்டை கைகொடுக்கும். ஆகவே குழந்தைக்கும் முதியவருக்கும் பலன் அதிகம். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு நன்றாக வேகவைத்துக் கொஞ்சமாகத் தொடங்கலாம். தடிப்போ வாந்தியோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். கேரள அங்கன்வாடிகளில் 2022-இல் வாரம் இரண்டு நாள் முட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். எல்லை தாண்டித் தமிழ்நாட்டின் கொல்லங்கோட்டுப் பக்கம் போனால் பள்ளிச் சத்துணவில் வாரம் ஐந்து நாள். இந்த விஷயத்தில் தமிழ்நாட்டைப் பார்த்துக் கேரளம் கற்றுக்கொள்ளலாம்.

பல் போன பாட்டிகளோ கஞ்சியும் துவையலுமாகவே காலம் தள்ளுகிறார்கள். தசை கரைகிறது, சளி பிடித்தால் விடுவதில்லை. சாளை மீன் கிடைக்கும் நாளில் புரதத்துக்குக் குறைவில்லை. கடல் கொந்தளித்து வள்ளம் இறக்க முடியாத ஆனி, ஆடியில்தான் ஆறு கிராம் புரதமுள்ள முட்டை பெரிய துணை. பச்சை முட்டையை அடித்துக் குடிக்கும் பழக்கம் வேண்டாம். வெந்த முட்டையின் புரதம் ஏறத்தாழ முழுதும் சேரும், பச்சையில் பாதிதான் சேரும், சால்மோனெல்லா கிருமிக்கும் வாய்ப்புண்டு.

ஆகவே அண்ணே, உங்கள் ரிப்போர்ட்டில் எல்டிஎல் கூடியிருந்தால் முதலில் எண்ணெயைக் குறையுங்கள். வீட்டிலிருக்கும் அம்மாவுக்கு முட்டையை மஞ்சக்கருவோடு கொடுங்கள்.