எந்த வேகத்தில் உதறுகிறது?

"வண்டி உதறுதுண்ணா, பேலன்சிங் போட்டுடு" என்று சாவியை நீட்டினால், விவரம் தெரிந்த டயர் கடைக்காரர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எத்தனை ஸ்பீடுல? வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு இதற்குப் பதில் சொல்வது கொஞ்சம் கஷ்டம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பஸ், ஆட்டோ, மீன்பாடி வண்டி இவற்றுக்கு நடுவே 30-ஐத் தாண்டினாலே அதிர்ஷ்டம். எண்ணூர் விரைவுச் சாலைக்குப் போனால் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துநிற்கும் கன்டெய்னர் லாரிகள். 2023-ல் போக்குவரத்துக் காவல்துறை சென்னைக்குள் கார்களுக்கு வைத்த உச்சவரம்பே 60 கிலோமீட்டர்தான். பேலன்சிங் கெட்ட உதறலோ பெரும்பாலும் 70, 80-ஐத் தொட்ட பிறகுதான் கைக்குத் தெரியும்.

காரணம் எளிது. 14 அங்குல ரிம் உள்ள சின்னக் கார். ரிம்மின் ஓரத்தில் ஒரு பக்கம் 30 கிராம் எடை கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40-ல் போகும்போது அந்த எடை சக்கரத்தை வெளிப்பக்கம் இழுக்கும் விசை முக்கால் கிலோவுக்கு மேல் இருக்காது. 80-ல் அதுவே 3 கிலோவை நெருங்கும். வேகம் இரட்டித்தால் இழுப்பு நாலு மடங்கு. அதுவும் நொடிக்கு 11 தடவை. ஸ்டீயரிங் உதறாமல் என்ன செய்யும்?

ஆக, மிண்ட் பக்கத்துத் தெருவில் 30-ல் போகும்போதே ஸ்டீயரிங் இடமும் வலமும் ஆடினால், பேலன்சிங்குக்குக் காசு கொடுக்க அவசரப்படாதீர்கள். டயர் பொடைத்திருக்கலாம், ரிம் வளைந்திருக்கலாம், வீல் நட்டு தளர்ந்திருக்கலாம். நட்டு விஷயம் என்றால் வண்டியை அங்கேயே ஓரங்கட்டி ஸ்பேனர் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

வேகமாக ஓட்டிப் பார்க்க மூலக்கடை, மாதவரம், புழல் வழியாகச் செங்குன்றம் தாண்ட வேண்டும். கொல்கத்தா நெடுஞ்சாலையில் ரோடு காலியாக இருக்கும் நேரத்தில் 60-லிருந்து 90 வரை மெதுவாக ஏற்றுங்கள். உதறல் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே அதிகமாகிறது என்று கவனியுங்கள். ஸ்டீயரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம். சீட்டிலும் தரையிலும் தெரிந்தால் பின்சக்கரம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் டிஸ்க் கோணியிருக்கிறது. ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் என்றால் டிரைவ் ஷாஃப்ட்டைப் பார்க்க வேண்டும். வண்டியை நிறுத்தி நியூட்ரலில் ரேஸ் கொடுத்தாலும் நடுங்கினால் டயருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. என்ஜின் மவுன்ட் பக்கம் போங்கள்.

டயர்தான் என்று சந்தேகம் வந்துவிட்டால் முதல் வேலை காற்று. பங்க்கில் இது இலவசம், ஆனால் போகும் நேரம் முக்கியம். காலையில், இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடாத டயரில் பார்க்க வேண்டும். நடுப்பகலில் ஓடிவந்த டயர் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை குறைந்து நிற்கும். எவ்வளவு வைக்க வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, நாம் வைக்க வேண்டிய அளவல்ல. "மைலேஜ் வரும்" என்று சொல்லி 40 அடித்துவிடுவார்கள். அப்புறம் ஒவ்வொரு மேன்ஹோல் மூடியும் ஸ்டீயரிங்கில் இடிக்கும், அதை உதறல் என்று நினைத்து வேறொரு செலவு. காற்று குறைந்தால் ஸ்டீயரிங் கனக்கும், வளைவில் வண்டி அலையும், ஒரு டயரில் மட்டும் குறைந்தால் அந்தப் பக்கம் இழுக்கும். வாரக்கணக்கில் தெருவிலேயே நின்ற வண்டியின் டயர் தரையைத் தொட்ட இடத்தில் தட்டையாகிவிடும். காற்றைச் சரிசெய்து கொஞ்ச தூரம் ஓட்டினால், டயர் சூடேறியதும் அது தானாகப் போய்விடும்.

அடுத்து கண்ணும் கையும். உள்ளங்கையை டயர் மேல் வைத்துச் சுற்றிலும் தடவுங்கள். மேடு பள்ளம் தட்டினால் உள்ளே நூல் அடுக்கு பிரிந்திருக்கலாம், அல்லது ஷாக் அப்சார்பர் போயிருக்கலாம். பக்கவாட்டில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம் தெரிந்தால் அந்த டயரின் கதை முடிந்தது. பள்ளத்தில் விழுந்தபோது உள்நூல் அறுந்திருக்கிறது. எந்த மெஷினும் அதைச் சரிசெய்யாது, ஸ்டெப்னியாகக்கூட அதை வைக்கக் கூடாது. ரிம்மின் உள்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் அங்கே காய்ந்து ஒட்டிய சேறு ஒன்றே 80-ல் உதறலைக் கொடுக்கப் போதும். அலாய் ரிம்மில் விரல்நக அளவுக்குச் சுத்தமான ஒரு செவ்வகமும், சுற்றிலும் கறுத்த பசையும் தெரிந்தால், பேலன்சிங்குக்காக ஒட்டியிருந்த வெயிட் உதிர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சமதரையில் ஜாக்கி போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, சந்தேகப்படும் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ரிம்மின் ஓரத்தை ஒட்டி ஒரு குச்சியை அசையாமல் பிடித்தால் இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்குத் தெரியும். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் ரிம் கடைக்குத்தான் போக வேண்டும். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் 'கடக்' என்று விளையாடுகிறதா? பேரிங், பால் ஜாயின்ட் வேலை.

இத்தனைக்கும் பிறகுதான் பேலன்சிங். புது டயருக்கும் இது தேவை, ஏனென்றால் எந்தத் தொழிற்சாலையிலும் சுற்றிலும் ஒரே எடையாக டயர் வார்க்க முடியாது. பக்கத்துத் திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்து தொடங்கி 1961-ல் டயருக்கு வந்த எம்ஆர்எஃப்பும் இதற்கு விலக்கல்ல. சில புது டயர்களில் மஞ்சள் புள்ளி இருக்கும். அது எடை குறைந்த இடம். வால்வுக்கு நேராக வைத்து மாட்டினால் வெயிட் குறைவாகப் போதும். அவசரத்தில் பலர் கவனிப்பதில்லை.

மெஷின் பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய வெயிட்டைப் பிடுங்கி, சேற்றைச் சுரண்டி, டயரில் சிக்கிய கற்களை எடுத்த பிறகுதான் சக்கரத்தை ஏற்ற வேண்டும். ரிம்மின் நடு ஓட்டையில் கோன் சரியாக உட்கார வேண்டும், தூரம், அகலம், விட்டம் மூன்றையும் மெஷினில் பதிக்க வேண்டும். சுழன்று நின்றதும் உள்பக்கம் 25, வெளிப்பக்கம் 15 என்பதுபோல் இரண்டு எண்கள் வரும். வெயிட் வைத்து மறுபடி சுற்றிப் பூஜ்யம் காட்டினாலும் ஒரு சோதனை பாக்கி. மெஷின் நட்டைக் கழற்றி, சக்கரத்தை மட்டும் அரைச் சுற்றுத் திருப்பி மாட்டி, மீண்டும் சுற்றச் சொல்லுங்கள். அப்போது 20, 30 என்று ஏறினால் சக்கரம் கோனில் சரியாக உட்காரவில்லை, முதலில் காட்டிய பூஜ்யத்துக்கு அர்த்தமில்லை. ஒரு பக்கத்துக்கே 60 கிராமுக்கு மேல் கேட்டால் வெயிட்டை அடுக்காமல், காற்றை இறக்கி டயரை ரிம்மில் பாதிச் சுற்றுத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த மெஷினில் சக்கரம் அந்தரத்தில்தான் சுழலும். வண்டியின் பாரம் ஏறினால் டயர் எப்படி நடந்துகொள்ளும் என்று அதற்குத் தெரியாது. பூஜ்யம் காட்டிய பிறகும் அதே வேகத்தில் உதறினால் முன்சக்கரத்தைப் பின்னாலும் பின்சக்கரத்தை முன்னாலும் மாற்றி ஓட்டுங்கள். உதறல் ஸ்டீயரிங்கை விட்டு சீட்டுக்கு நகர்ந்தால் குற்றவாளி பின்னால் போன ஜோடியில்தான். திரும்ப மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக முடுக்க வேண்டும். நூறு கிலோமீட்டருக்குள் இன்னொரு முறை முடுக்கிப் பாருங்கள்.

பல கடைகளில் பேலன்சிங்கோடு அலைன்மென்ட்டையும் சேர்த்தே பில் போடுவார்கள். வண்டி நேர்ரோட்டில் ஒரு பக்கம் இழுத்தாலோ, டயர் ஓரம் மட்டும் தேய்ந்தாலோ அது தேவை. உதறலுக்கு அது மருந்தல்ல; உதறலுக்காக மட்டும் போயிருந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.